யார் காசு செல்லும்?

சேலம் ஜில்லாவிலும், 1997-ல் அதனின்று பிரிந்து தனி ஜில்லாவான நாமக்கல்லிலும், மாசி பிறந்ததும் ஊர்தோறும் ஒரு நோட்டுப் புத்தகம் வெளியே வருகிறது. மாரியம்மனுக்குப் பூச்சாட்டுவதற்கு முன் ஊர்க்கூட்டம் கூடுகிறது. தர்மகர்த்தாவும் கொத்துக்காரரும் ஊர்ப் பெரியவர்களும் கோயில் திண்ணையில் அமர்ந்து, சென்ற ஆண்டின் மீதம் எவ்வளவு, இவ்வாண்டு மேளத்திற்கும் பந்தலுக்கும் எவ்வளவு ஆகும் என்று கணக்கிட்டு, தலைக்கட்டுக்கு இன்ன தொகை என்று வரி விதிக்கின்றனர். சேலம் நகரத்தில் இக்காரியம் ஆடியில் நடக்கிறது. கோட்டை மாரியம்மன் பண்டிகையும், ஆடவர் தெய்வ வேடம் பூண்டு அலங்கார வண்டிகளில் வலம் வரும் வண்டி வேடிக்கையும் அப்பொழுதுதான். இராசிபுரத்து நித்திய சுமங்கலி மாரியம்மனுக்கோ ஐப்பசி. மாதம் மாறினாலும் நோட்டு மாறுவதில்லை. பேர், தகப்பனார் பேர், தொகை, பற்று என்று நான்கு கோடுகள் கிழித்த அந்தப் புத்தகத்தைப் பற்றியே இன்று நாம் எழுத விரும்புகிறோம்.

பொதுக்காரியத்திற்குப் பணம் திரட்டும் வித்தையை நம் கிராமத்தார் எந்தக் கலாசாலையிலும் கற்றதில்லை. ஆயினும் அவர்கள் கண்டிருக்கும் முறையிலே பல நுட்பங்கள் உள. ஐம்பது ஏக்கர் உடையவனுக்கும் அரை ஏக்கர் உடையவனுக்கும் வரி ஒன்றே. மகனுக்குக் கலியாணம் ஆயிற்றென்றால் அவன் தனித் தலைக்கட்டு. அந்த ஆண்டு முதல் அவன் பேர் தனியே ஏறும். கைம்பெண் குடும்பத்திற்கு அரை வரி, அல்லது வரியே இல்லை என்று விட்டுக்கொடுக்கும் ஊர்களும் உண்டு. பண்டிகை முடிந்தபின் வரவு செலவை உரக்கப் படிக்கின்றனர். மீதப் பணத்தை ஊராருக்கே வட்டிக்குக் கொடுத்து, அடுத்த பண்டிகைக்கு அசலும் வட்டியுமாகத் திரும்பப் பெறுகின்றனர். பணம் படைத்தவன் இதற்குமேல் கொடுக்க விரும்பினால் உபயம் என்று தனியே கொடுக்கலாம். ஆனால் உபயம் வேறு, வரி வேறு. உபயம் புகழைத் தரும். வரியோ உரிமையைத் தரும். கிடாய் வெட்டிக் கூறு போடும்போது தலைக்கட்டுக்கு ஒரு கூறு என்று எண்ணுவதும் இந்த நோட்டைப் பார்த்தே. தீர்த்தக்குடம் எடுக்கவும், மாவிளக்குத் தட்டோடு வரிசையில் நிற்கவும், கூட்டத்தில் எழுந்து ‘இந்தச் செலவு ஏன்?’ என்று கேட்கவும் இதில் பேர் இருந்தாக வேண்டும். சுருங்கச் சொன்னால், இது வசூல் புத்தகம் மட்டுமன்று. இந்த ஊரார் யார் யார் என்பதற்கு ஊரே எழுதி வைத்துக்கொண்ட ஜாபிதா.

அங்கேதான் தொல்லையும் தொடங்குகிறது.

பல ஊர்களில் இந்த ஜாபிதாவில் ஆதிதிராவிடர் தெருவும் அருந்ததியர் தெருவும் இல்லை. அவர்கள் கொடுக்க மறுத்தார்கள் என்பதனால் அன்று. ஊரார் வாங்க மறுத்தார்கள் என்பதனால். இதிலுள்ள விந்தையை நேயர்கள் கவனிக்க வேண்டும். பண்டிகை சாட்டியிருக்கிறது என்று தெருத்தெருவாக அறிவிக்கும் பறை அருந்ததியருடையது. கொட்டகைக்குக் குழி தோண்டியவரும், தீமிதிக்கு விறகு பிளந்தவரும், எருதாட்டத் திடலைச் செதுக்கிக் கொடுத்தவரும் எந்தத் தெருவினர் என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. அவர்கள் உழைப்பு அம்மனுக்கு ஆகும். அவர்கள் காசு மட்டும் ஆகாது! உழைப்பை வாங்கினால் கூலி கொடுத்துக் கணக்கைத் தீர்த்துவிடலாம். காசை வாங்கினாலோ ஒரு பேர் எழுத வேண்டும். பேர் எழுதினால் கூறு கொடுக்க வேண்டும். கூறு கொடுத்தால் கூட்டத்தில் இடம் கொடுக்க வேண்டும். ஆகவே ஒரு தலைக்கட்டின் சில நூறு ரூபாய் வேண்டாம் என்று தள்ளுவது பணத்தை அலட்சியம் செய்யும் பெருந்தன்மையன்று. மிக நுட்பமாகக் கணக்குப் பார்த்துச் செய்யும் காரியம்.

இதன் விளைவை நம் ஜில்லா அண்மையிலேயே இருமுறை கண்டது. 2023 ஜனவரியில் சேலத்தை அடுத்த திருமலைகிரியில் மாரியம்மன் கோயிலுக்குள் சென்ற ஆதிதிராவிட இளைஞர் ஒருவரை, ஆளுங்கட்சியைச் சேர்ந்த உள்ளூர்ப் பிரமுகர் ஊரார் முன்னிலையில் வைது அவமதித்த காட்சி தமிழ்நாடெங்கும் பரவிற்று. அவரைக் கட்சி நீக்கியதும் போலீஸார் கைது செய்ததும் பின்னர் நடந்தன. 2024 மே மாதத்தில் தீவட்டிப்பட்டியில் மாரியம்மன் பண்டிகை பற்றிய தகராறு முற்றி, கல்வீச்சு நடந்து, கடைகள் தீக்கிரையாயின. பத்திரிகைகள் தீயைப் படம் பிடித்தன. தீ அணைந்ததும் திரும்பிவிட்டன. தீக்கு முந்திய மாதங்களில் ஊர்க்கூட்டங்களில் என்ன பேசுகிறார்கள், யார் பேரை எழுதுகிறார்கள், யார் பேரை எழுத மறுக்கிறார்கள் என்பதைப் பார்ப்பார் இல்லை. வரி நோட்டைப் பார்ப்பவன் சண்டையை ஓராண்டு முன்னரே பார்த்துவிடுவான் என்பது நமது துணிபு.

சட்டம் என்ன சொல்கிறது என்பதில் ஐயமில்லை. 1939-ல் ராஜாஜி மந்திரி சபை கோயில் நுழைவுக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டத்தைச் செய்தது. 1947-ல் சென்னை மாகாணத்தில் எல்லா இந்துக்களுக்கும் கோயில் நுழைவு உரிமை சட்டமாயிற்று. அரசியல் சட்டத்தின் 17-வது ஷரத்து தீண்டாமையை ஒழித்தது; 1955, 1989 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் தண்டனைகளை வகுத்தன. கதவு திறந்தாயிற்று. ஆனால் கதவு வழியே விருந்தினனாக நுழைவது ஒன்று, வீட்டுக்காரனாக உட்காருவது மற்றொன்று. போலீஸ் காவலோடு ஒரு நாள் உள்ளே சென்று கற்பூரம் காட்டிவிட்டுத் திரும்பியவர் அடுத்த ஆண்டு நோட்டில் தம் பேரைத் தேடினால், அது இருப்பதில்லை.

இந்தக் கேள்வி மாரியம்மன் பண்டிகையோடு நிற்பதன்று. தமிழ்நாட்டு அரசியலையே இரண்டாகப் பிளந்த ஒரு பெரும் விவாதம் இதே கேள்வியில்தான் பிறந்தது. அதில் முன்னின்றவரும் இம்மண்ணின் புதல்வரே. 1922-ல் வ.வே.சு. ஐயர் திருநெல்வேலி ஜில்லா சேரன்மாதேவியில் பரத்வாஜ ஆசிரமத்தை நிறுவித் தேசிய குருகுலம் ஒன்றை நடத்தினார். ஆங்கிலப் பள்ளிகளை விட்டு வந்த பிள்ளைகளுக்குத் தமிழும் சமயமும் கைத்தொழிலும் கற்பிப்பது நோக்கம். லண்டனிலும் புதுச்சேரியிலும் உயிரைப் பணயம் வைத்து உழைத்த தேசபக்தர் கேட்டபோது யார் தான் கொடுக்க மாட்டார்? தமிழ்நாட்டுக் காங்கிரஸ் கமிட்டி பதினாயிரம் ரூபாய் கொடுப்பதாக ஒப்பி, முதலில் ஐயாயிரம் கொடுத்தது. நாட்டுக்கோட்டைச் செட்டிமார்களும், மலேயாத் தமிழரும், பல ஜாதிப் பொதுமக்களும் உதவினர். அப்பணத்தில் எழுந்த சாப்பாட்டு அறையிலோ பிராமணப் பிள்ளைகள் இருவர் தனியே உண்டனர். அவர்கள் பெற்றோருக்குத் தாம் வாக்குக் கொடுத்திருப்பதாக ஐயர் கூறினார்.

இதனை எதிர்த்து எழுந்த முக்கிய குரல்கள் இரண்டு. ஒன்று ஈரோட்டிலிருந்து, ஈ.வெ. ராமசாமி நாயக்கருடையது. மற்றொன்று 1887-ல் இராசிபுரத்தில் பிறந்து, சேலத்திலிருந்து ‘தமிழ்நாடு’ பத்திரிகையை நடத்தத் தொடங்கிய டாக்டர் பெ. வரதராஜுலு நாயுடுவினுடையது. அவர்கள் கேட்டது வேதாந்தக் கேள்வியன்று, வெறும் கணக்குக் கேள்வி. எல்லா ஜாதியாரிடமும் வாங்கிய பணத்தால் நடக்கும் ஸ்தாபனத்தில், பணம் கொடுத்தவன் பிள்ளை ஒரு பந்தியிலும் வேறொருவன் பிள்ளை வேறு பந்தியிலும் உட்காருவது எந்த நியாயத்தின்படி? காந்தியடிகள் சமரசம் சொன்னார்: அந்த இரு பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்கு நிற்கட்டும், இனி அவ்வாறு யாரையும் சேர்க்க வேண்டாம் என்றார். சமரசம் இருசாராரையும் திருப்தி செய்யவில்லை. 1925-ல் தேசிய ஸ்தாபனங்களில் பிறப்பினால் வேற்றுமை பாராட்டலாகாது என்ற தீர்மானம் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் கமிட்டியில் நிறைவேறியது; ராஜாஜியும் அவர் நண்பர்கள் சிலரும் கமிட்டியினின்று விலகினர். அவ்வாண்டு ஜூன் மாதம் பாபநாசத்து அருவியில் விழுந்த மகளைக் காக்கப் பாய்ந்து ஐயர் உயிர்நீத்தார். அவ்வாண்டின் இறுதியில் நாயக்கர் காங்கிரஸை விட்டே வெளியேறினார். பின் நடந்தவை எல்லோரும் அறிந்தவை.

ஐயரின் தியாகத்தில் நமக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். பெற்றோர் இருவருக்குக் கொடுத்த வாக்கை நினைவிற் கொண்டவர், ஆயிரம் பேரிடம் நன்கொடை வாங்கியபோது அவர்களுக்கும் ஒரு வாக்குக் கொடுத்ததாக எண்ணவில்லை. நன்கொடை வாங்கும் கை ஒவ்வொன்றும் எழுதாத ஒரு பத்திரத்தில் கையெழுத்திடுகிறது. குருகுலத்தை வீழ்த்தியது பணத்தட்டு அன்று. அந்தப் பத்திரத்தை மறந்ததே.

அதே 1925-ம் ஆண்டில், பிப்ரவரி 6-ல், நம் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் மற்றோர் ஆசிரமம் எழுந்தது. காந்தி ஆசிரமம் என்ற அதனை நடத்த வந்தவர், சேரன்மாதேவி விவாதத்தில் தீர்மானத்தை ஏற்காமல் விலகிய அதே ராஜாஜி. சரித்திரம் இப்படி நேர்கோட்டில் போகாதது பற்றி நாம் வருந்துவதற்கில்லை. நிலத்தை அளித்தவர் உள்ளூர் ஜமீன்தார் இரத்தினசபாபதிக் கவுண்டர். காலையும் மாலையும் பிரார்த்தனை, பகலில் கதர் வேலை, நோயாளிகளுக்கு மருந்து, கள்ளுக்கடைக்கு எதிராகப் பிரசாரம் என்று வேலைகள் நடந்தன. 1929-ல் மதுவிலக்கிற்காகத் தொடங்கிய ‘விமோசனம்’ பத்திரிகையில் கல்கி துணையாசிரியராக உழைத்ததும் இங்கேதான். ஆசிரமவாசிகளுள் தீண்டாதார் எனப்பட்ட வகுப்பாரும் இருந்தனர். ஒரே பந்தி, ஒரே பிரார்த்தனை. சேலம் நகரசபைத் தலைவராயிருந்த காலத்திலேயே அக்கிரகாரத்துக் குடிநீர்க் குழாயைத் திறந்துவிடும் வேலையை ஆதிதிராவிடர் ஒருவரிடம் ஒப்புவித்துப் பகையைச் சம்பாதித்தவருக்கு இது புதிதன்று. சுற்றுப்புறத்துச் ஜாதி இந்துக்கள் ஆசிரமத்தை முதலில் ஒதுக்கினர்.

ஒதுக்கிய ஊரில் எவ்வாறு வாழ்வது? அங்கேதான் ராட்டை உதவிற்று. மழை பொய்த்த காலத்தில் சுற்றுக் கிராமத்துப் பெண்கள் பஞ்சை வாங்கிச் சென்று நூலாகக் கொண்டுவந்து கூலி பெற்றனர். நூலின் எண்ணைப் பார்த்துக் கூலியே ஒழிய நூற்றவள் ஜாதியைப் பார்த்து அன்று. மாரியம்மன் நோட்டில் பேர் இல்லாத பெண்ணின் பேர் ஆசிரமத்து நூல் கணக்கில் ஏறிற்று. வடநாட்டுச் செல்வர் பணமும் கதர்ச் சங்கத்தின் முதலும் இல்லாமல் அந்த ஸ்தாபனம் நடந்திராது என்பது மெய். அதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அது ஊரில் வேரூன்றியதற்குக் காரணம் வந்த பணமன்று, அந்தக் கணக்குப் புத்தகத்தில் எல்லாத் தெருவுக்கும் இடமிருந்ததுதான்.

காந்தியடிகள் வசூல் செய்யும் விதம் தனி. 1921-ல் திலகர் சுயராஜ்ய நிதிக்கு ஒரு கோடி ரூபாயை ஜூன் 30-க்குள் சேர்க்க வேண்டுமென்று விதித்துக்கொண்டு நாடு சேர்த்து முடித்தது. 1933 நவம்பரில் தொடங்கி ஒன்பது மாதம் ஹரிஜன நிதிக்காக ஏறத்தாழ 12,500 மைல் சுற்றினார். தமிழ்நாட்டில் 1934 பிப்ரவரியில் சுற்றியபோது நம் பகுதிக்கும் வந்தார். கையெழுத்துக்கு ஐந்து ரூபாய் கேட்டார். தமக்கு வாசித்தளித்த உபசாரப் பத்திரங்களை அந்த மேடையிலேயே ஏலம் போட்டார். பெண்மணிகளிடம் வளையலையும் சங்கிலியையும் கேட்டு வாங்கி, மறுபடி வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று சொல்லியும் அனுப்பினார். சேர்ந்த தொகை சுமார் எட்டு லட்சம். நாலைந்து ஆலை முதலாளிகளுக்குக் கடிதம் எழுதியிருந்தால் அந்தத் தொகை உட்கார்ந்த இடத்திலேயே வந்திருக்கும். அவருக்கு வேண்டியது தொகையன்று. செப்புக் காசு ஒவ்வொன்றும் தீண்டாமைக்கு எதிராக ஒரு கை தூக்குவது என்று அவர் கொண்டார். எண்ண வேண்டியது ரூபாயை அன்று, கைகளை.

ஆயினும் அந்த நிதியிலும் நம் கேள்வி தலைதூக்கிற்று. 1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தத்தின் பின் ஏற்பட்ட ஹரிஜன சேவக சங்கத்திற்குக் கன்சியாம்தாஸ் பிர்லா தலைவர், தக்கர் பாபா காரியதரிசி. நிர்வாகம் ஜாதி இந்துக்கள் கையில் இருந்தது. இது கடன்பட்டவர்கள் கடன் தீர்க்கும் சங்கம், ஆகவே பணமும் பொறுப்பும் கடன்பட்டவர்களுடையது, கடன் கொடுத்தவர்கள் ஆலோசனை சொல்லலாம் என்பது காந்தியடிகள் வாதம். டாக்டர் அம்பேத்கர் இதனை ஏற்கவில்லை. யாருக்காகச் சங்கமோ அவர்கள் நிர்வாகத்தில் இல்லாத சங்கம் அவர்களுடையதாகாது என்று கண்டு ஒதுங்கினார். 1945-ல் வெளியிட்ட நூலில் இதைக் கடுமையாகவும் எழுதினார். ‘ஹரிஜன்’ என்ற பெயரையும் அந்த மக்கள் ஏற்கவில்லை என்பது இன்று வெளிப்படை. இவ்விவாதத்தில் காந்தியடிகளின் பிராயச்சித்த எண்ணத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் நிர்வாகத்தைப் பற்றிய மட்டில் டாக்டர் அம்பேத்கர் கூறியதே சரி என்பது நமது அபிப்பிராயம். கொடுப்பவன் என்ற ஸ்தானத்தில் ஒருவனை உட்காரவிடாமல் என்றென்றும் வாங்குபவனாகவே வைத்திருப்பது, எவ்வளவு அன்போடு செய்தாலும், அவனை வெளியே வைத்திருப்பதேயாகும்.

இவ்விஷயத்தில் ஒரு மதத்தாரை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. பள்ளிவாசல் ஜமாஅத்தில் சந்தா செலுத்துவோரே ஜமாஅத்தார். கலியாணமும் கபரஸ்தானும் அந்தப் பதிவேட்டைப் பார்த்தே நடக்கின்றன. ஒருவரை ஊர்விலக்கம் செய்வதென்றால் முதலில் அவர் சந்தாவை வாங்க மறுக்கிறார்கள். கத்தோலிக்கச் சிற்றூர்கள் சிலவற்றிலும் திருவிழா வரி ஒரு தெருவோடு நின்றுவிடுகிறது. விழுப்புரத்துப் பக்கத்து ஏறையூரில் 2008-ல் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டுக் கிளர்ந்தபோது கலகமும் துப்பாக்கிப் பிரயோகமும் நடந்து இரண்டு உயிர்கள் மாண்டன. மதம் மாறினாலும் நோட்டு மாறவில்லை! ஜாதிவிட்டுக் கலியாணம் செய்துகொண்ட சொந்த ஜாதிக்காரனைத் தண்டிப்பதற்கும் இதே ஆயுதம்தான். அவன் வீட்டு வரியை வாங்காதே என்று ஒரு வார்த்தை. அத்தோடு பால்காரனும் நாவிதரும் நின்றுவிடுகின்றனர். மகாராஷ்டிரச் சட்டசபை 2016-ல் சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்கித் தனிச் சட்டமே நிறைவேற்றியது. நம் சட்டசபைக்கு அந்த எண்ணம் வந்தால் குற்றமில்லை.

நேயர் சிலர் ஓர் ஆட்சேபம் கூறலாம். குலதெய்வக் கோயிலுக்குக் குலத்தார் தமக்குள் வரி போட்டுக்கொள்வது தவறா என்று கேட்கலாம். தவறில்லை. ஒரு பாட்டன் வழி வந்த பங்காளிகள் தம் பாட்டனாருக்குப் படைப்பதற்குத் தமக்குள் சேர்த்துக்கொள்ளட்டும். ஊர் மாரியம்மன் அப்படியன்று. அவள் பேரிலேயே ஊர் இருக்கிறது. பண்டிகைக் கடைகள் போடுவது புறம்போக்கில்; தண்ணீர் பஞ்சாயத்துத் தொட்டியில்; விளக்கு சர்க்கார் மின்சாரத்தில்; கும்பாபிஷேகத்திற்குச் சர்க்கார் மானியம் கேட்டு மனுப்போடும்போது ‘ஊர்ப் பொதுமக்கள்’ என்றே கையெழுத்து. மனுவில் ஊர்ப் பொதுமக்களாகவும் நோட்டில் ஒரு சில தெருக்களாகவும் இருக்க இயலாது. அவர்களுக்கும் தனிக் கோயில் இருக்கிறதே, தனி வரி இருக்கிறதே என்று சொல்வோரும் உளர். இருக்கிறது, ஒரு நோட்டில் இடம் கிடைக்காதவன் மற்றொரு நோட்டு வாங்குவது இயற்கை.

இனி இன்றைய நிலைமைக்கு வருவோம். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகள் இந்தியா முழுவதும் ஓடுகின்றன. நாமக்கல் லாரியும் முட்டையும் நாடறிந்தவை. பணம் பெருகிற்று, பெருகிய பணம் கோயிலுக்கும் வந்தது, நன்றே. ஆனால் அதன் விளைவாக ஒரு மாறுதல் சத்தமில்லாமல் நடந்து வருகிறது. முன்பு இருநூறு தலைக்கட்டு சேர்ந்து தூக்கிய செலவை இன்று ஐந்து உபயதாரர் தூக்கிவிடுகின்றனர். கும்பாபிஷேகம் ஒருவர், ராஜகோபுர வர்ணம் ஒருவர், அன்னதானம் ஒருவர். குழல்விளக்கின்மேல் கொடுத்தவர் பேரை எழுதி எழுதி வெளிச்சமே வராத விளக்குகளை நாம் எத்தனையோ மண்டபங்களில் கண்டிருக்கிறோம். வரி இன்னும் வாங்குகிறார்கள்; ஆனால் அது சம்பிரதாயம். வரி கொடுப்பவன் இல்லாமலே பண்டிகை நடக்குமென்றால், கணக்குப் படிக்கும்போது அவன் கேட்கும் கேள்விக்கு யார் காது கொடுப்பார்? ஒரு தெருவை விலக்கிவைத்த ஊர், மெள்ள மெள்ள மற்றத் தெருக்களையும் பார்வையாளர் ஆக்கிவிட்டது என்பதை இன்னும் உணரவில்லை.

தர்ம ஸ்தாபனங்களின் நிலையும் இதுவே. 2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் பெரிய கம்பெனிகள் தம் லாபத்தில் நூற்றுக்கு இரண்டு சமூகப் பணிக்குச் செலவிட வேண்டுமென்று விதித்தது. அது முதல் அநாதை விடுதியும் ஆசிரமமும் இலவச வைத்தியசாலையும் கம்பெனி வாசல்களில் காத்திருக்கின்றன. வருமான வரிச் சட்டம் 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்கு வரிக்கழிவு இல்லையென்று 2017 முதல் விதித்திருக்கிறது. கணக்குச் சுத்தத்திற்கு இது நல்ல ஏற்பாடு. ஆயினும், ஒரு ஸ்தாபனத்தின் காரியதரிசி ஆண்டு முழுவதும் நான்கு கம்பெனிகளுக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தால், ஐம்பது ரூபாய் கொண்டுவரும் விசைத்தறிக் கூலிக்காரரைப் பார்த்துப் பேச அவருக்கு நேரம் ஏது? ‘உங்கள் ஐம்பது ரூபாய்க்கு ரசீது போடுகிற செலவே அதிகம்’ என்று சிரித்துக்கொண்டே சொன்ன ஒருவரை நாம் அறிவோம். அவர் கெட்டவர் அல்லர். தாம் ஒருவரை வாசலிலிருந்து திருப்பி அனுப்பியதாகவே அவருக்குத் தோன்றவில்லை.

கைபேசியில் கட்டமிட்ட குறியைக் காட்டிப் பணம் அனுப்பும் இக்காலத்தில், வாங்க மறுப்பதற்கு ஒரு புதிய சங்கடமும் ஏற்பட்டிருப்பதைச் சிலர் கவனித்திருக்கலாம். உண்டியலின் அருகே அந்தக் குறி ஒட்டப்பட்டிருந்தால் எந்தத் தெருவினரும் அனுப்பலாம். யந்திரம் ஜாதி கேட்பதில்லை. இதனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம் வாலிப நண்பர்கள் சிலர் மகிழ்கின்றனர். நமக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. உண்டியல் எப்பொழுதுமே யாரிடமும் ஜாதி கேட்டதில்லை. பழனிக்கும் திருப்பதிக்கும் எல்லோர் பணமும் போய்க்கொண்டுதான் இருந்தது. பேர் தெரியாத காசை வாங்க யாரும் மறுப்பதில்லை. மறுப்பது பேரோடு வரும் காசையே.

ஆகவே, தேச ஊழியம் செய்யும் நண்பர்களுக்கு, விசேஷமாக நம் இரு ஜில்லாக்களில் ஊர்ப் பொதுக்காரியங்களில் ஈடுபட்டிருப்போருக்கு, நாம் கூறுவது இது. ஊர்வலமும் கண்டனக் கூட்டமும் சண்டை நடந்தபின் செய்பவை. பூச்சாட்டுக்கு முன்னரே ஊர்க்கூட்டத்திற்குச் செல்லுங்கள். நீங்கள் அந்த ஊர்த் தலைக்கட்டு ஆனால் உங்கள் வரியைக் கையில் வைத்துக்கொண்டு, ஊரிலுள்ள எல்லாத் தெருவின் வரியும் இதில் ஏறுமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஏறாது என்றால் உங்கள் பேரும் ஏறவேண்டாம் என்று சொல்லுங்கள். அதற்குத் துணிச்சல் வேண்டும் என்பதை நாம் அறிவோம். வீட்டிலுள்ளோர் சம்மதமும் வேண்டும். கூறு வராது, பேச்சு நிற்கும். ஒருவர் செய்தால் அவரை ஒதுக்குவார்கள். ஒரு ஊரில் இருபது பேர் செய்தால் கூட்டத்தை ஒத்திவைப்பார்கள். மறுகூட்டத்தில் வாதம் நடக்கும். அந்த வாதம் கல்வீச்சைவிட மேலானது.

வரி வாங்க இசைந்த ஊர்களில் வேலை முடிந்துவிடவில்லை. வரியை வாங்கிக்கொண்டு, பேரை நோட்டின் கடைசியில் தனித் தாளில் எழுதும் வழக்கமும், காசை வாங்கிக்கொண்டு கமிட்டியில் இடம் தராத வழக்கமும் புகக்கூடும். பெயர்களை அகரவரிசையில் எழுதினால் முதலாவது ஒழியும். இரண்டாவதற்கு, தெருவுக்கு ஒருவர் கமிட்டியில் என்ற ஏற்பாடு வேண்டும். உபயதாரர் எவ்வளவு கொடுத்தாலும் கமிட்டியில் அவருக்கு ஒரு தலைக்கட்டுக்குரிய குரலே என்பதையும் அதே கூட்டத்தில் தீர்மானித்து எழுதிவிடலாம். கணக்கைக் கோயில் வாசலில் மட்டும் படிக்காமல் ஒவ்வொரு தெருமுனையிலும் படிக்கட்டும். படிப்பவர் வேண்டுமானால் அந்தந்தத் தெருவினராகவே இருக்கட்டும்.

அடுத்த பூச்சாட்டுக்கு இன்னும் நாளிருக்கிறது. நோட்டு இப்பொழுது யாரோ ஒருவர் வீட்டுப் பீரோவில் இருக்கும். போன ஆண்டுக் கணக்கைப் பார்க்க வேண்டுமென்று கேட்பதற்கு ஊரில் எந்தத் தலைக்கட்டுக்கும் உரிமை உண்டு. அதைக் கேட்டு வாங்கி, பேர்களை ஒருமுறை முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டு, ஊரிலுள்ள தெருக்களையும் விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்.